பொரிப்பகத்தில் வரவு, இழுவைமடியில் செலவு

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கரைகளில் கடலாமைகள் செத்து ஒதுங்கத் தொடங்கின. முதலில் பத்து, இருபது என்று செய்தி வந்தது. அப்புறம் நூற்றுக்கணக்கில். சில வாரங்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்த அந்த உடல்களில் வயிறு நிறைய முட்டையோடு இருந்த பெண் ஆமைகளும் உண்டு. உடற்கூறாய்வு காட்டிய காரணம் மூச்சுத் திணறல். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அரசு சிறப்புக் குழு அமைத்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தியாவில் கடலாமைக்காக மிக நீண்ட காலமாக மக்கள் உழைத்துவரும் கரை இதுதான். அரை நூற்றாண்டாக இங்கே இரவில் நடந்து, கூடு தேடி, முட்டை காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அப்படிப்பட்ட கரையிலேயே ஆயிரம் ஆமைகள் ஒரே பருவத்தில் செத்துக் கிடந்தது எப்படி? கரையில் நடந்த வேலை வீணா? வீணில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வேலை எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக் கரைக்கு முட்டையிட வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆலிவ் ரிட்லி ஆமைகள். பங்குனி ஆமை என்றும் சொல்வதுண்டு. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் இதே ஆமைகள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறும். இங்கே அப்படி இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஒரு இரவுக்கு ஒன்று இரண்டாக, எங்கே ஏறும் என்று சொல்ல முடியாதபடி வந்து போகும். அதனால் இங்கே ஆமைக் கூட்டைக் காப்பது என்றால் நடப்பதுதான், வேறு வழி கிடையாது.

அந்த நடையைத் தொடங்கி வைத்தது 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றி இருந்த ஒரு சிறு கூட்டம். பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் கரையோரமாக நடந்து பார்த்தபோது, ஆமை வருவதும் தெரிந்தது, முட்டைகள் தோண்டி எடுக்கப்படுவதும் தெரிந்தது. சாப்பிடவும் விற்கவும் மனிதர்கள் எடுத்தார்கள். மிச்சத்தை நாய்கள் தின்றன. முட்டைகளைக் கொண்டுவந்து மணலில் புதைத்துக் காக்க, சிறிய அளவில் ஒரு பொரிப்பகம் போட்டார்கள். பின்னர் அந்த வேலையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சில ஆண்டுகள் செய்தது. அதற்கு அடுத்து வனத்துறை செய்தது. 1988இல் அதுவும் நின்றபோது, கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று மாணவராக இருந்த கார்த்திக் சங்கர் இன்று பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர், கடலாமை ஆய்வில் உலகம் அறிந்த பெயர். அமைப்பு இன்னமும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்துகொண்டிருக்கிறது. மாணவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

அந்தப் பாம்புப் பண்ணைக் கூட்டத்தில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர் இருந்தார். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர், கடல் பக்கம் போய்விட்டார். 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கரைகளையும் அந்தமான், லட்சத்தீவுகளையும் காலால் அளந்து, எங்கெங்கே எந்த ஆமை முட்டையிடுகிறது என்று எழுதிவைத்தவர் அவர்தான். 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் பருவமழை மாதங்கள் முழுக்கத் தன்னந்தனியாக இருந்து பேராமைகளை, அதாவது பச்சை ஆமைகளை, கவனித்தார். அந்தக் காலத்தில் படகு வராது. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்தார். 2023இல் சதீஷ் பாஸ்கர் காலமானார். இன்று கடலாமை பற்றி நம் கரைகளுக்குத் தெரிந்த அடிப்படைத் தகவல்களில் பெரும்பகுதி அந்த ஒற்றை மனிதரின் நோட்டுப் புத்தகங்களில் தொடங்கியது. அரசுத் துறை செய்திருக்க வேண்டிய வேலை அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, இரவு நடையில் என்ன நடக்கிறது? ஈரமணலில் இருந்து மேலேறி, திரும்ப இறங்கிப் போன ஆமையின் தடத்தைத் தேடுகிறார்கள். தடம் முடியும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தால் இறுகிய மணலுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் தளர்ந்து உள்ளே போகும். அங்கேதான் கூடு. பின்துடுப்புகளால் ஆமை தோண்டிய குழி ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறுகிய கழுத்தோடு இறங்கி, கீழே அகன்று பானை வடிவில் இருக்கும். உள்ளே நூறு, நூற்றிருபது முட்டைகள். அவற்றைக் கையால் எடுத்து எண்ணி, பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவில் குழி தோண்டி வைக்கிறார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். கரு முட்டையோட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும்.

45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். மணலின் சூடுதான் நாளையும் தீர்மானிக்கிறது, ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் கூடுகின்றன, கீழே போனால் ஆண் குஞ்சுகள். ஏப்ரல் வெயிலில் நிழல் இல்லாத பொரிப்பகம் பெண் குஞ்சுகளை மட்டுமே தரும் அபாயம் உண்டு. சூடு இன்னும் ஏறினால் முட்டை வெந்தே போகும். அதனால் பருவத்தின் பிற்பகுதியில் மேலே பந்தல் போடுவது வழக்கமாகிவருகிறது. முட்டையை இடம் மாற்றாமல் ஆமை இட்ட இடத்திலேயே விட்டுக் காப்பதுதான் நல்லது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கொள்கையாகச் சரிதான். ஆனால் பெசன்ட் நகர்க் கரையில் நாய்க்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு கூட்டை இரண்டு மாதம் யார் காவல் காப்பது?

விளக்கு என்றதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மணலைவிட்டு வெளியே வந்த குஞ்சு, எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். நகரம் இல்லாத காலத்தில் அது கடல். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை. பருவத்தின்போது இரவில் உயர்கோபுர விளக்குகளை அணைக்கச் சொல்லித் தன்னார்வலர்கள் அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஓரிடத்தில் அணைப்பார்கள், அடுத்த இடத்தில் எரியும். தனியார் பங்களாக்களின் தோட்ட விளக்குகள் தனிக் கதை.

இன்னொன்று, சற்று கசப்பான விஷயம். குஞ்சு விடுவது இப்போது ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. பிறந்த குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு, முதல் சில நாள் அது நிற்காமல் நீந்திக் கரையோர ஆபத்தைத் தாண்டுவதற்கான எரிபொருள். சிறப்பு விருந்தினர் வரும்வரை கூடையில் வைத்திருந்தால் குஞ்சுகள் அங்கேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறி அந்தச் சக்தியைத் தீர்த்துக்கொள்கின்றன. குஞ்சு வெளியே வந்ததும் இருட்டிலேயே விடுவதுதான் முறை. போட்டோ நன்றாக வராது, அவ்வளவுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். சமீப ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் உள்ள பொரிப்பகங்களில் இருந்து ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் குஞ்சுகள் கடலுக்குப் போகின்றன. கடலாமைக் குஞ்சு ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நண்டு, பறவை, மீன் எல்லாம் போக மிஞ்சுவது அது. தோராயமான எண்தான், இடத்துக்கு இடம் மாறும். இருந்தாலும் வைத்துப் பார்க்கலாம். 2 லட்சம் குஞ்சுகளில் பிழைத்து வளர்வது 200 ஆமைகள். அதுவும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. 2025 ஜனவரியில் கரையில் ஒதுங்கியது ஆயிரத்துக்கு மேல். மாநிலம் முழுக்க ஐந்தாண்டுகள் கண்விழித்துச் சேர்த்த வரவு, ஒரே மாதத்தில் ஒரு சிறு கரைத் துண்டில் செலவானது.

உண்மையான செலவு அதற்கும் மேலே. செத்த ஆமை முதலில் மூழ்கும், உப்பிய பிறகுதான் மிதக்கும். காற்றும் நீரோட்டமும் கரைப்பக்கம் தள்ளினால் மட்டுமே நம் கண்ணில் படும். கரையில் எண்ணப்படுவது கடலில் செத்ததில் ஒரு பகுதி.

எப்படிச் சாகிறது? ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் இணைசேரவும் முட்டையிடவும் ஆமைகள் கரைக்குச் சில மைல் தூரத்துக்குள் கூடுகின்றன. இறால் கிடைப்பதும் அந்த ஆழமற்ற பகுதியில்தான். விசைப்படகு தன் இழுவைமடியை, அதாவது பை போன்ற இழுவலையை, கடல்தரையோடு மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும்போது, உள்ளே சிக்கிய ஆமை வெளியேற வழி தெரியாமல் போராடி, போராட்டத்திலேயே மூச்சைச் சீக்கிரம் தீர்த்துக்கொண்டு மூழ்கிவிடுகிறது. மடியைத் தூக்கும்போது சில ஆமைகள் மயக்கத்தில் மட்டுமே இருக்கும். படகுத் தளத்தில் நிழலில் கிடத்தி நேரம் கொடுத்தால் பிழைக்கக்கூடும். செத்தது என்று நினைத்து உடனே கடலில் தள்ளினால் அதோடு முடிந்தது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள் மீன்பிடிக்கக் கூடாது. இந்த விதி வந்த கதையைத்தான் கடலாமை ஆர்வலர்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். 1970களில் விசைப்படகுகள் பெருகியபோது, அவை கரையோரமாக வந்து கட்டுமரக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போயின. சென்னையில் இரு தரப்புக்கும் அடிதடி, படகு எரிப்பு, உயிர்ச்சேதம் வரை போனது. அதன் விளைவாக வந்ததுதான் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். முதலில் 3 கடல் மைல் கட்டுமரத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. பின்னர் அது 5 ஆனது. ஆமையை மனதில் வைத்து யாரும் அந்தக் கோட்டைப் போடவில்லை. மீனவக் குப்பத்துக்காரர்கள் தங்கள் பிழைப்புக்காகச் சண்டை போட்டுப் பெற்ற கோடு அது. ஆமை அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டது.

ஆகவே விசைப்படகு 5 மைலுக்குள் வந்தால் நஷ்டப்படுவது ஆமை மட்டுமில்லை. சிறு ஃபைபர் படகுக்காரரின் வலையும் அவரது மீனும் சேர்ந்தே போகின்றன. கடலோரப் பாதுகாப்பில் மீனவர் ஒரு பக்கம், இயற்கை ஆர்வலர் எதிர்ப்பக்கம் என்று வரையப்படும் சித்திரம் இந்தக் கரைக்குப் பொருந்தாது. 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் இதைப் புரிந்துகொண்டு வேலை செய்யும் அமைப்பு. குப்பங்களைச் சேர்ந்த இளைஞர்களையே கடலாமைக் காவலர்களாகச் சேர்த்தது. அவர்களுக்குத் தடம் தெரியும், காற்று தெரியும், எந்தப் படகு எங்கே போனது என்றும் தெரியும். கரைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று நகரத்திலிருந்து வரும் தன்னார்வலருக்கு எப்படித் தெரியும்?

சிறு படகுகள் முழுக்க நிரபராதிகள் என்றும் சொல்லிவிட முடியாது. திருக்கைக்காக விடப்படும் பெரிய கண் வலைகளில் ஆமைகள் சிக்குகின்றன. அறுந்துபோய் மிதக்கும் நைலான் வலைத் துண்டுகளில் துடுப்பு மாட்டி உறுப்பிழந்த ஆமைகளையும் பார்க்கலாம். ஆனால் சிக்கிய ஆமையை வலையை அறுத்து விட்டுவிடும் சிறு மீனவர்களும் இருக்கிறார்கள். வலையின் நஷ்டம் அவர்கள் கையைவிட்டுப் போவது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு ஏற்பாடு எல்லா இடத்திலும் நிரந்தரமாக இருந்தால் இன்னும் பல ஆமைகள் தப்பும். பாக் நீரிணையில் கடற்பசு சிக்கினால் உயிரோடு விடும் மீனவர்களுக்கு வெகுமதி கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னாலும் மீனவர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசிய உள்ளூர் அமைப்புகளின் உழைப்பு இருக்கிறது.

விசைப்படகுக்கு வேறொரு தீர்வும் கையில் உண்டு. ஆமை விலக்குக் கருவி என்பது மடியின் கழுத்தில் பொருத்தும் கம்பிச் சட்டம். இறாலும் மீனும் கம்பிகளின் இடைவெளியில் நுழைந்து பின்னால் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பின் வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியப் படகுகளுக்கு ஏற்றபடி ஒன்றை எப்போதோ வடிவமைத்துக் கொடுத்துவிட்டது. படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். பெரிய மீன் அந்தத் திறப்பில் போய்விடும், குப்பை வந்து அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். டீசல் விலையோடு மல்லுக்கட்டும் ஒருவர் ஒவ்வொரு கூடை மீனையும் எண்ணுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

வெளியிலிருந்து அழுத்தம் வந்தும் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. இந்தக் கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா சொன்னபோது, அதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்ட நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1998இல் தீர்ப்பு வந்தது. 2019 முதல் இந்தியாவின் கடல்பிடி இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடியே கிடக்கிறது. அங்கே போகும் நம் இறாலில் மிகப் பெரும்பகுதி பண்ணையில் வளர்க்கும் வனாமி வகை இறால் என்பதால் ஏற்றுமதியாளர்களுக்கு இந்தத் தடை பெரிதாக வலிக்கவில்லை. வலிக்காத இடத்தில் மாற்றம் மெதுவாகத்தான் வரும்.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. ஆமைகள் வந்து முட்டையிட்டுத் திரும்பும் காலம் ஏறக்குறைய முடிந்த பிறகுதான் தடை ஆரம்பிக்கிறது. மீன் இனப்பெருக்கத்துக்காகப் போட்ட நாள்கள் அவை. ஒடிசாவில் ஆமை கூடும் இடங்களுக்கு எதிரே நவம்பர் 1 முதல் மே 31 வரை 20 கிலோமீட்டருக்குத் தடை உண்டு, கடலோரக் காவல் படை கப்பலும் விமானமும் விட்டுக் கண்காணிக்கிறது. அங்கேயும் ஆமைகள் சாகின்றன. ஆனால் ஆமையைக் கரையில் மட்டும் காத்தால் போதாது என்பதை அங்கே அரசு எந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கில் வரும் இடம் என்பதால் உலகத்தின் கண் அங்கே இருக்கிறது. ஒன்றிரண்டாக வரும் நம் கரைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இங்கே கரையில் நடப்பவர்களின் வேலையும் மெல்ல மாறிவருகிறது. கூடு தேடப் போகிறவர்கள் வழியில் கிடக்கும் ஒவ்வொரு செத்த ஆமையையும் அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, இடமும் தேதியும் குறித்து, திரும்ப எண்ணிவிடாமல் இருக்க அடையாளம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆயிரத்துக்கு மேல் என்ற எண் 2025இல் விவாதத்துக்கு வர முடிந்ததே இப்படி எண்ண ஆளிருந்ததால்தான். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியபோதும், எந்தப் பறவைக்கு, எந்தக் கரைக்கு என்ன ஆனது என்று முதலில் சொன்னவர்கள் அங்கேயே இருந்த மீனவர்களும் தன்னார்வலர்களும்தான்.

மிச்சமிருப்பது 5 மைல் எல்லைக் கோட்டைக் காவல் காப்பது. ரோந்துப் படகுகள் குறைவு, கடல் பெரிது என்ற பதில் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. இப்போது தமிழ்நாட்டு விசைப்படகுகளில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்திவருகிறார்கள். புயல் எச்சரிக்கைக்காகவும் ஆபத்தில் மீட்பதற்காகவும் வந்த கருவி என்றாலும், படகு எங்கே நிற்கிறது என்பதை அது காட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை எத்தனை படகுகள் கோட்டுக்குள் வந்தன, எத்தனைக்கு அபராதம் போடப்பட்டது, எத்தனைக்கு மானிய டீசல் நிறுத்தப்பட்டது என்று மீன்வளத் துறை மாதம் ஒரு முறை வெளியிட்டால், கரையில் எடுக்கப்படும் சாவுக் கணக்கின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்துவிடலாம்.